ஷெல் இல்லாத கண்டெய்னரை டீபக் செய்வது எப்படி?

கேள்வி: குபர்னெட்டிஸில் ஓடும் எங்கள் கோ மொழி சர்வீஸை டிஸ்ட்ரோலெஸ் (ஆப்பும் அதற்குத் தேவையானவையும் மட்டும் உள்ள) இமேஜுக்கு மாற்றினோம். பாட் (கண்டெய்னர்கள் ஒன்றாக ஓடும் அலகு) ஓடுகிறது, ஆனால் வெளி ஏபிஐயை அழைத்தால் டைம்அவுட். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று எக்ஸெக் கொடுத்தால் ஷெல்லே இல்லை என்கிறது. பேசாமல் ஷெல் உள்ள ஆல்பைன் இமேஜுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்ப வேண்டாம். ஷெல்லும் பேக்கேஜ் மேனேஜரும் இருக்கக்கூடாது என்றுதானே அந்த இமேஜை எடுத்தீர்கள்? ஒரு நாள் சிக்கலுக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கருவிகளை வெளியிலிருந்து கொண்டுபோகலாம்.

குபர்னெட்டிஸ் 1.25 முதல் எஃபெமரல் (தற்காலிக) கண்டெய்னர் நிலையான வசதி. கியூப்சிடிஎல் டீபக் கட்டளையில் சிறு கருவிகள் அடங்கிய பிஸிபாக்ஸ் இமேஜைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் பாடுக்குள்ளேயே, ரீஸ்டார்ட் இல்லாமல், இன்னொரு கண்டெய்னர் வந்து உட்காரும். டார்கெட் என்ற ஃபிளாகில் உங்கள் கண்டெய்னரின் பெயரை மறக்காமல் கொடுங்கள். அதை விட்டால் நெட்வொர்க் மட்டும்தான் பொது. உங்கள் ப்ராசஸ் கண்ணில் படாது. கொடுத்தால், ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் அடித்ததும் முதல் வரியில் பிஐடி (ப்ராசஸ் எண்) 1 ஆக உங்கள் கோ பைனரியே நிற்கும்.

சரி, இனி டைம்அவுட். முதலில் என்எஸ்லுக்அப் போட்டு அந்த ஏபிஐயின் பெயருக்கு ஐபி கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்த இடத்தில் நானே அரை நாள் தொலைத்திருக்கிறேன். எக்ரெஸ் பாலிசியில் (பாடிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்குக்கான நெட்வொர்க் பாலிசி) 443 போர்ட்டைத் திறந்துவிட்டு, பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான 53ஐ மறந்திருந்தோம். ஆப் லாகில் வெறும் டைம்அவுட் என்றுதான் வந்தது. ஐபி கிடைத்தால் அடுத்து டபிள்யூகெட் போட்டு அந்த ஏபிஐயை அழைத்துப் பாருங்கள். நெட்வொர்க் பாலிசி பாட் முழுவதற்கும் பொருந்தும் என்பதால், இங்கேயும் தொங்கினால் பாலிசி, ஃபயர்வால் பக்கம் தேடுங்கள். உடனே பதில் வந்தால் கோளாறு பெரும்பாலும் ஆப்பின் அமைப்பில்தான். ப்ராக்ஸி என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து தொடங்குங்கள்.

அந்த வேரியபிள்கள் /ப்ராக்/1/என்விரான் ஃபைலில் இருக்கும். கண்டெய்னரின் மொத்த ஃபைல்சிஸ்டமும் /ப்ராக்/1/ரூட் வழியாகத் தெரியும். அங்கே ‘பெர்மிஷன் டினைட்’ வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் ஆப் ரூட் அல்லாத பயனராக ஓடுகிறது, டீபக் கண்டெய்னருக்கு பிட்ரேஸ் (இன்னொரு ப்ராசஸை ஆராயும்) உரிமை இல்லை, அவ்வளவுதான். டீபக் கட்டளையின் ப்ரொஃபைல் ஃபிளாகில் ஜெனரல் என்று கொடுத்து மறுபடி நுழையுங்கள். பாடில் ‘ரன்ஆஸ்நான்ரூட்’ (ரூட் பயனராக ஓடக்கூடாது என்ற அமைப்பு) போட்டிருந்தால் பிஸிபாக்ஸ் ரூட்டாகக் கிளம்பவே கிளம்பாது. அதற்குத் தனியாகப் பயனர் எண் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை சேர்த்த எஃபெமரல் கண்டெய்னரை பாடிலிருந்து நீக்க முடியாது. வேலை முடிந்ததும் பாடையே டெலீட் செய்துவிடுங்கள், டிப்ளாய்மென்ட் புதிதாக ஒன்றைக் கொண்டுவரும். அப்புறம், இந்த வசதிக்கான ஆர்பேக் (யார் எதைச் செய்யலாம் என்ற) அனுமதியை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். என்விரானில் பாஸ்வேர்டுகளும் இருக்கும்.