குதிரையின் பயம் எச்சிலில் தெரியுமா?

கேள்வி: குதிரை பயந்திருக்கிறதா என்று எச்சிலை வைத்தே சொல்லிவிடலாமாமே?

பதில்: பயம் என்றல்ல, உடல் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் ஏறியிருக்கிறது என்று சொல்லலாம். நன்றாக ஓடிவிட்டு வந்தாலும் அது ஏறும். காது, வால், கண்ணையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

ரத்தம் எடுக்க ஊசி குத்தினால் சில குதிரைகள் அதற்கே மிரளும், அதனால்தான் எச்சில். பஞ்சுச் சுருளைக் கிடுக்கியில் பிடித்து நாக்கின்மேல் சுமார் 1 நிமிடம் ஊறவிட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி எச்சிலைப் பிரித்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவைப்பார்கள். வாயில் புல் துணுக்கோ ரத்தமோ இருந்தால் கணக்கு பிசகும்.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். கார்டிசால் இயல்பாகவே காலையில் அதிகம், மாலையில் குறைவு. தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். மிரண்ட கையோடு எடுத்தால் ஏற்றம் முழுதாகத் தெரியாது. 20 முதல் 30 நிமிடம் பொறுக்க வேண்டும். லத்தியில் (சாணத்தில்) அளந்தால் கிடைப்பது ஏறக்குறைய முந்தைய நாளின் நிலவரம்.