அண்ணாச்சிகிட்ட கேளுங்க: லண்டன் விசாவோட மலாகா போலாமா?

கேள்வி: அண்ணாச்சி, மகன் லண்டன்ல வேல பாக்கான், ஆறு மாச விசால நானும் எங்க வீட்டுக்காரங்களும் மே மாசம் போறோம். ஜூலைல எல்லாரையும் ஸ்பெயின்ல மலாகாங்கிற ஊருக்கு கடல் பாக்க கூட்டிட்டு போறேங்கான். லண்டன் விசா இருக்குல்லா, அது போதும்லா? அந்த ஏர்போர்ட்ல ஒரே கூட்டம்னு வேற சொல்லுதாவ, பயமா இருக்கு.
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போதாதுக்கா. லண்டன் விசா பிரிட்டனுக்கு மட்டுந்தான். ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஸ்பெயினும் சேந்த ஐரோப்பிய நாட்டுக் கூட்டத்துக்கு பொதுவா குடுக்குற விசா, தனியா எடுக்கணும், அதையும் இங்க இருக்கும்போதே எடுத்துருங்க, அங்க போயி எடுத்துக்கலாம்னு மகன் சொன்னா கேக்காதீய, சுத்திப்பாக்க வந்தவங்க லண்டன்ல விண்ணப்பம் போடுறது லேசுல நடக்காது. சென்னைல ஸ்பெயின் விசா விண்ணப்பம் வாங்குற பிஎல்எஸ் ஆபீஸ்ல நேர்ல போயி கைரேகை வைக்கணும். கட்டணம் 90 யூரோ, போக 30,000 யூரோவுக்கு கொறயாத மெடிக்கல் இன்சூரன்ஸ். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம். ரெண்டு விசாவுக்கும் அதே பாஸ்போர்ட்டத்தான் குடுத்தாகணும், அதனால லண்டன் விசா கைக்கு வந்த மறுநாளே இந்த வேலய ஆரம்பிங்க.

எறங்குறதுல பயப்பட ஒண்ணுமில்ல. பாஸ்போர்ட் பாக்கிற எடத்துல 2025 அக்டோபர்ல இருந்து புது முறை கொண்டாந்துருக்காவ, சீல் குத்துறதுக்குப் பதிலா மொகத்த போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்துதாவ, லைன் நீளமா இருந்தா பொறுமையா நில்லுங்க. 'சலீடா'ன்னு போட்டுருந்தா வெளிய போற வழின்னு அர்த்தம். மூணாவது டெர்மினலுக்கு எதுத்தாப்லயே ட்ரெயின் ஸ்டேஷன், 20 நிமிசத்துக்கு ஒரு வண்டி. ஒரே லைன்தான், ஒரு பக்கம் மலாகா டவுனு, மறுபக்கம் டோரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலான்னு கடக்கரை ஊருக. பலகைய பாத்துட்டு ஏறுங்க.

திரும்பும்போதுதான்க்கா கவனம் வேணும். நான் எங்க அக்காவோட போனப்ப, பை ஸ்கேன் பண்ணி முடிச்சதும் எல்லாம் முடிஞ்சிட்டுன்னு நெனச்சி அவ டூட்டி ஃப்ரீ கடைல ஒவ்வொரு செண்டா மணிக்கட்டுல அடிச்சி மோந்து பாத்துட்டு நின்னா, நானும் ஒரு காப்பிய வாங்கிட்டு உக்காந்துட்டேன். லண்டன் கேட்டுக்குப் போற வழில இன்னொரு பாஸ்போர்ட் செக்கிங் இருக்கு, அங்க முந்நூறு பேர் நிக்காவ! அக்காவுக்கு முட்டுவலி, செருப்ப கைல தூக்கிட்டு ஓடுனா பாருங்க, இப்பவும் நெனச்சா எனக்கு மனசு கெடந்து அடிக்கும். பிரிட்டன் ஷெங்கன்ல இல்லாததால போகும்போதும் பாஸ்போர்ட் பாப்பாவ. மொதல்ல அதத் தாண்டிருங்க, காப்பியெல்லாம் பொறவு. முட்டுவலி இருந்தா டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுருங்க, ஐரோப்பால அதுக்குக் காசு கெடையாது.

கேள்வி: மலாகால அப்படி என்ன இருக்கு, அவ்வளவு கூட்டம்?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வெயில் இருக்கு தம்பி. நமக்கு குத்தால சாரல் எப்படியோ, இங்கிலாந்துக்காரங்களுக்கு அந்தக் கடக்கரை வெயிலு அப்படி. அந்த ஏர்போர்ட்டு 1919ல தபால் விமானம் எறங்கிப் போன எடம், இன்னைக்கும் அதே எடத்துலதான் இருக்கு. 2010ல மூணாவது டெர்மினல், 2012ல ரெண்டாவது ஓடுபாதை. 2024ல கிட்டத்தட்ட 2.5 கோடி பேர் வந்து போயிருக்காவ, மாட்ரிட், பார்சிலோனா, பால்மாவுக்கு அடுத்து ஸ்பெயின்ல நாலாவது.

கேள்வி: மக மலாகால இருக்கா. தோட்டத்து ஏத்தம்பழமும் கறிவேப்பிலையும் கொண்டு போகலாமா?
- ஒரு வாசகர், களக்காடு

பதில்: ஏத்தம்பழம் தாராளமா. வாழப்பழம், தேங்கா, அன்னாசி, பேரீச்சை, டுரியன், இந்த அஞ்சுக்கு மட்டும் ஐரோப்பால சர்டிபிகேட் கேக்க மாட்டாவ. கறிவேப்பில கூடாது, புடுங்கி குப்பைல போட்டுருவாவ. நெய்யும் கூடாது, அது பால் சாமான். கருவாடு கொண்டு போலாம், 20 கிலோ வரைக்கும். நல்லா காஞ்சதா பாத்து ரெண்டு கவர்ல சுத்தி பெரிய பெட்டில வைங்க.