ஐ9 பிராசஸரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸும்: ஒரு கேமிங் கொட்டேஷன்

கோவை வாசகர் ஒருவர், கடையில் வாங்கிய கொட்டேஷனை அனுப்பி, இதை நம்பி முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார். இன்டெல் கோர் ஐ9 14900கே பிராசஸர், பி760 மதர்போர்டு, 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு, ஒரே ஸ்டிக்காக 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, முகப்பு முழுவதும் கண்ணாடியாலான கேபினட், கடைசி வரியில், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிக்கு நிறுவனப் பெயர் எதுவுமின்றி "எஸ்எம்பிஎஸ் 750 வாட்". மானிட்டர் 1440பி, 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிப்பது. கதை சார்ந்த பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் ஆடுவதே அவருடைய விருப்பம். வார இறுதிகளில் நண்பர்களுடன் வேலரன்ட் ஆடுவதும் உண்டு.

கட்ட வேண்டாம் என்பதே என் பதில். செலவிடும் தொகையில் குறையில்லை. அது போய்ச் சேரும் இடம்தான் தவறு.

கேமிங் கணினியின் தேர்வு மானிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். இந்தப் பிக்சல்களை நிரப்பும் வேலை முழுவதும் கிராபிக்ஸ் கார்டுடையது. பிராசஸரோ எதிரிகளின் நகர்வு, இயற்பியல் கணக்குகள், வரைய வேண்டியவற்றின் பட்டியல் போன்றவற்றைத் தயாரித்துக் கார்டிடம் கொடுக்கிறது. திரையின் பிக்சல் எண்ணிக்கை கூடுவதால் அதன் சுமை பெரிதாகக் கூடுவதில்லை. 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த ஒரு ஃபிரேமுக்கு (திரையில் தோன்றும் ஒரு படத்துக்கு) கிடைப்பது சுமார் 6 மில்லி நொடிதான். அந்த நேரத்துக்குள் 1440பி காட்சியை உயர்ந்த செட்டிங்கில் வரைந்து முடிக்க ஆர்டிஎக்ஸ் 5060 திணறும்போது, 24 கோர் பிராசஸர் வேலையின்றிக் காத்திருக்கும்.

கார்டின் 8 ஜிபி நினைவகம் இன்னொரு இடர். டெக்ஸ்சர்கள், அதாவது பொருள்களின் மேல் போர்த்தப்படும் படங்கள், அந்த அளவைத் தாண்டினால், கார்டு தன்னிடம் இடமில்லாதவற்றை மதர்போர்டு வழியாகக் கணினியின் ரேமிலிருந்து எடுத்துவர நேரும். அந்தப் பாதை மிக மெதுவானது என்பதால், சராசரி ஃபிரேம் எண்ணிக்கை நன்றாகத் தெரிந்தாலும், திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஆட்டம் வெட்டி வெட்டி நகரும். சுவர்களும் முகங்களும் சற்று நேரம் மங்கலாகத் தெரிந்து பிறகு தெளியும். 1440பிக்கு 12 ஜிபியைக் குறைந்தபட்சமாகவும் 16 ஜிபியை நிம்மதியான அளவாகவும் கொள்ளலாம். ஆர்டிஎக்ஸ் 5070 முதல் வகை. ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ இரண்டும் இரண்டாம் வகை. மொத்தத் தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு கார்டுக்கே போனாலும் தயங்க வேண்டியதில்லை.

அந்தப் பணம் பிராசஸரிலிருந்து வர வேண்டும். 14900கே உச்சச் சுமையில் 253 வாட் வரை இழுக்கும். அதைத் தாங்கத் தரமான கூலரும் வலுவான மதர்போர்டும் தேவை, விலை குறைந்த பி760 போர்டுகளில் பல அதற்கு ஏற்றவையல்ல. அதன் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் அடுத்த தலைமுறை பிராசஸர் பொருந்தாது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர்கள் வோல்டேஜ் கோளாறால் நிலைகுலைந்ததும், 2024இல் அந்நிறுவனம் மைக்ரோகோட் (பிராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) திருத்தம் வெளியிட்டு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்ததும் தெரிந்ததே. இவருடைய தேவைக்கு ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசஸரும் பி650 மதர்போர்டும் போதும். வேலரன்ட் அதில் தாராளமாக ஓடும். கூடுதல் பணம் இருந்தால், 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) கொண்ட 7800எக்ஸ்3டிக்குப் போகலாம். இரண்டும் ஏஎம்5 சாக்கெட் என்பதால் பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

ஒரே ஸ்டிக்கைவிட இரண்டில் தரவு இரு பாதைகளில் ஓடும் என்பதால், ரேமை இரண்டு 16 ஜிபி ஸ்டிக்குகளாக, 6000 வேகத்தில் கேட்டு வாங்க வேண்டும். விளக்கு எரிகிற ரேம் வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ வசதியை இயக்காவிட்டால், விளக்கு எரிந்தாலும் அது 4800 அல்லது 5600 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பெயரில்லாத பெட்டியின் மேல் 750 என்று அச்சிட யாரும் தடை சொல்வதில்லை. பக்கவாட்டில் ஒட்டியுள்ள லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். நவீனக் கணினியில் பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த வரியிலிருந்துதான். உண்மையான 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அங்கே 62 ஆம்பியர் அளவில் இருக்கும். 30 ஆம்பியர் என்றிருந்தால் அது 360 வாட் தரும் பெட்டி. 304 வாட் கேட்கும் 9070 எக்ஸ்டியை அதில் இணைத்தால், ஆட்டத்தின் நடுவே கணினி அணைவது சிறிய பாதிப்பு, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோவது பெரிய பாதிப்பு. 80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைக் காட்டுவது மட்டுமே, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைக் காட்டாது என்பதால், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத வாரண்டியும் சேர்ந்திருக்கட்டும்.

கணினியோடு இலவசமாகத் தருவதாகச் சொல்லப்படும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். 9070 எக்ஸ்டி போன்ற கார்டோடு கேம் ஓடும்போது கணினியும் மானிட்டருமாகச் சேர்ந்து எளிதாக அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன அந்த நொடியிலேயே யுபிஎஸ்ஸும் அணைந்துவிடும். குறைந்தது 1000 விஏ, முடிந்தால் வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் வகை வாங்குவது நல்லது.

கண்ணாடி முகப்புக் கேபினட்டுக்குப் பதிலாக முன்புறம் வலை வைத்ததைக் கேளுங்கள். அறையே 36 டிகிரியில் இருக்கும் சித்திரையில், உள்ளே போகக் காற்றுக்கு வழியில்லாத பெட்டியில் எந்தக் கூலரும் பயன் தராது. எஸ்எஸ்டியில் மாற்றம் வேண்டாம்.

கணினி வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்கில் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் பல நேரங்களில் அது 60இலேயே நின்றிருக்கும். கார்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் மூன்றின் சீரியல் எண்களும் ஜிஎஸ்டி பில்லில் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். "கணினி செட் ஒன்று" என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்து வாரண்டி கேட்பது கடினம்.