வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வருகைதரு ஆய்வாளர்: கேள்வி பதில்

வருகைதரு ஆய்வாளராகப் போகும் விசிட்டிங் ஃபெலோஷிப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தமிழ், வரலாறு, சமயம், நுண்கலை என்று கலைப்பீடத்துக்காரருக்கு மட்டும்தான் இது. விஞ்ஞானபீடத்தின் கணக்கு வேறு.

வெள்ளவத்தை: அக்கா, அங்கே படிக்கப் போவதா, படிப்பிக்கப் போவதா?

இரண்டும் இல்லை. உங்கள் சொந்த ஆய்வைச் செய்ய ஒரு பல்கலைக்கழகம் கொஞ்ச காலம் இடம் தருகிறது. மேசை, நூலக அட்டை, அந்தத் துறைக்காரரோடு பேசிப் பழகும் வாய்ப்பு, சில இடங்களில் பணமும். ஒரு மாதத்திலிருந்து ஒரு கல்வியாண்டு வரை இருக்கும். பதிலுக்கு ஒரு கருத்தரங்கில் பேசச் சொல்வார்கள். பட்டம் எதுவும் கிடைக்காது. பெரும்பாலும் கலாநிதிப் பட்டம் கேட்பார்கள், ஆகவே ஆய்வேடு பாதியில் நிற்பவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

தெகிவளை: 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகள்தான் என் ஆய்வு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் போடலாமா?

போடலாம், ஆனால் ஏன் அங்கே? தெரிவுக் குழு முதலில் தேடுவது இந்தப் பதிலைத்தான். உங்களுக்கு வேண்டிய கடதாசிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல், வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது 1823இல். அவர்களை அனுப்பிய சங்கத்தின் ஆவணங்கள் இன்று ஹாவர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகமே வெளி ஆய்வாளருக்குக் குறுகிய கால ஃபெலோஷிப் தருகிறது. உங்களுக்கு வெஸ்லியன் மிஷன், அதாவது மெதடிஸ்தர், வேண்டுமென்றால் மெதடிஸ்த மிஷன் சங்க ஆவணங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரியில்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரச நிருவாக அலுவலகத்துக்கு, வேலைக்கு வந்த ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃபின் கடதாசிகள் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்குரியவை. கலை வரலாற்று அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் கடதாசிகள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். ஒல்லாந்தர் காலம் என்றால் அவசரப்பட்டு நெதர்லாந்தின் ஹேக் நகரச் சுவடிக்கூடத்துக்கு ஓட வேண்டாம். கொழும்பில் இருந்த ஒல்லாந்த நிருவாகத்தின் சொந்தப் பதிவுகள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலேயே இருக்கின்றன. இங்கே பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடியதைப் பார்க்காமல் விமானச் சீட்டுக் கேட்டால் குழுவில் ஒருவராவது அதைக் கண்டுபிடிப்பார்.

லண்டன் ஹரோவில் சித்தி இருக்கிறா என்பது வாடகை விஷயத்தில் நல்ல காரணம். விண்ணப்பத்தில் எழுத வேண்டாம்.

கொட்டாஞ்சேனை: தமிழ்த்துறையே இல்லாத பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. நம் தமிழ்த் திறனாய்வாளர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் யாரிடம் ஆய்வு செய்தார்கள்? ஜோர்ஜ் தொம்சனிடம். அவர் கிரேக்கப் பேராசிரியர். அது கலாநிதிப் பட்டத்துக்கு, ஆனாலும் விஷயம் இங்கும் பொருந்தும். உங்கள் கேள்வியோடு ஒத்துப்போகிற கேள்வியைக் கேட்கும் ஒருவர் அங்கே இருந்தால் போதும். கூத்துப் பற்றி எழுதுபவர் ஒரு அரங்கியல் துறைக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்கு எழுதும்போது அவருடைய கட்டுரை ஒன்றையாவது வாசித்துவிட்டு எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி இருபது பேருக்கு அனுப்புவது உடனே தெரிந்துவிடும்.

பம்பலப்பிட்டி: நான் எழுதியதெல்லாம் தமிழில்தான். மதிப்பார்களா?

வாசிக்க முடிந்தால் மதிப்பார்கள். நூல் பட்டியலில் தலைப்பைத் தமிழ் ஒலிப்பிலும் அதன் பொருளை ஆங்கிலத்திலும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் சுருக்கம் எழுதுங்கள். மிகச் சிறந்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வையுங்கள். உங்களுக்குச் சிபாரிசுக் கடிதம் தருபவர் தமிழ் வாசிக்கக்கூடியவராக இருந்தால், அந்த எழுத்தின் இடம் என்ன என்று விளக்கமாக எழுதச் சொல்லுங்கள். "நல்ல பிள்ளை, கடின உழைப்பாளி" என்ற கடிதத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கல்கிசை: சார்ள்ஸ் வொலஸ் நிதி நமக்கும் உண்டா?

இல்லை. பிரித்தானியாவில் ஆய்வு செய்ய உதவும் அந்த நிதி இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், பர்மாவுக்கு மட்டும். பிரித்தானிய இந்தியாவில் சம்பாதித்தவர் விட்டுப்போன பணம் அது, இலங்கை அதற்குள் வராது. சென்னை நண்பர்கள் சொல்வதைக் கேட்டு வருடா வருடம் யாராவது ஏமாறுகிறார்கள். அமெரிக்காவுக்கென்றால் அந்நாட்டு அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் இருக்கிறது, அதன் அலுவலகம் கொழும்பிலேயே.

வத்தளை: சேர்த்த காசு கொஞ்சம்தான். சமாளிக்கலாமா?

அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசியுங்கள். சில ஃபெலோஷிப்பில் மாதப் பணமும் பயணச் செலவும் உண்டு. சிலவற்றில் பெயரும் மேசையும் மட்டும்தான். இன்னும் சில இடங்களில் "பெஞ்ச் ஃபீ" என்று, இடமும் வசதியும் தருவதற்கான கட்டணத்தை உங்களிடமே கேட்பார்கள். என்னைக் கேட்டால், காசு கட்டி ஃபெலோவாகப் போகத் தேவையில்லை. வாசகர் அட்டை எடுத்துக்கொண்டு சுவடிக்கூடத்தில் இருக்கலாம். லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் குடியேற்ற நாட்டு அமைச்சின் இலங்கைக் கோவைகளைப் பார்க்கக் கட்டணமே இல்லை. ஃபெலோஷிப்பில் பணம் தருகிறார்கள் என்றால் வாடகையும் மருத்துவக் காப்புறுதியும் அதற்குள்ளா என்று கேளுங்கள். பெரிய செலவு இரண்டும் அவைதான்.

தெமட்டகொட: அரச பல்கலைக்கழக விரிவுரையாளர். விடுமுறை எப்படி?

ஏழு வருட சேவைக்குச் சபாட்டிக்கல் என்ற ஆய்வு விடுமுறை ஒரு வருடம். அதற்குக் காலம் வராவிட்டால் குறுகிய விடுமுறைக்குத் துறைத்தலைவர், பீடச்சபை, பேரவை என்று கோப்பு நகர வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். முன்பு படிப்பு விடுமுறைக்காக எழுதிக் கொடுத்த பழைய பிணைமுறி (bond) ஏதும் பாக்கி இருந்தால் முதலில் அதைத் தீருங்கள்.

நுகேகொடை: விசா?

எந்த வகை என்று அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். பணம் தருகிறார்களா இல்லையா என்பதைப் பொறுத்து வகை மாறும். பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஃபுல்பிரைட்டில் அமெரிக்கா போகிறவர் திரும்பி வந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அங்கே குடியேறும் விசாவோ வேலை விசாவோ கேட்கலாம். பிள்ளைகளின் படிப்பை வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கையெழுத்திடும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.