மூக்குத்தி மறுபடி போட முடியுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. வலது மூக்கு மடலில், மூக்குத்திக்குப் பக்கத்தில் இரண்டு வருடமாக ஆறாத புண். பயாப்சியில் 'பேசல் செல் கார்சினோமா' என்ற தோல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. வெட்டி எடுத்த பிறகு நெற்றித் தோலை இறக்கி மூக்கை அமைப்போம், மூன்று வாரம் தும்பிக்கை மாதிரி தொங்கும் என்கிறார் டாக்டர். அம்மா ஒரே அழுகை. தொடைத் தோலை ஒட்டி ஒரே நாளில் முடிக்க முடியாதா? மறுபடி மூக்குத்தி போட முடியுமா? — ஒரு வாசகி, தேனி

பதில்: முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இந்த வகைப் புற்றுநோய் உடம்பின் வேறு பாகங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் அந்த இடத்தையே அரித்துக்கொண்டு போகும். அதனால் வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனையில் உறுதியான பிறகுதான் மூக்கை அமைக்க வேண்டும். அதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

தொடைத் தோலை ஒட்டலாம்தான். ஆனால் அது நிறம் ஒட்டாமல் தனியாகத் தெரியும், நாளாக ஆகச் சுருங்கும். மூக்கு மடலின் விளிம்பில் சுருங்கினால் துவாரம் மேலே இழுத்துக்கொள்ளும். நெற்றித் தோலின் நிறமும் தடிமனும் மூக்கோடு ஒத்துப்போகும். புருவத்தின் உள்முனையில் ஒரு ரத்தக்குழாய் மேலேறுகிறது. அதை அறுக்காமல் தோலோடு சேர்த்துத் திருப்பிக் கீழே இறக்குவோம். அந்தத் 'தும்பிக்கை'தான் புது மூக்குக்குச் சோறு ஊட்டுகிறது. மூன்று வாரத்தில் சுற்றியுள்ள தோலிலிருந்து புதுக் குழாய்கள் உள்ளே வளர்ந்துவிடும். அப்புறம் அதை வெட்டிவிடலாம்.

இந்த முறை நம் நாட்டுடையது. திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனேயில் இப்படித்தான் மூக்கு வைத்தார்கள். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்தார்களாம். 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்தது. 1814-இல் அங்கே கார்ப்யூ என்ற மருத்துவர் அதே வழியில் செய்து காட்டினார். நான் மெழுகுக்குப் பதிலாகத் தையல் நூல் உறையின் அலுமினியத் தாளை எடுத்துக்கொள்கிறேன். நல்ல பக்கத்து மடலில் அழுத்தி அச்செடுத்து, புரட்டிப் போட்டால் மற்ற பக்கத்துக்கு அளவு கிடைத்துவிடும். விளிம்பு மடங்காமல் இருக்கக் காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து அடியில் வைப்பேன்.

அந்த மூன்று வாரம் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். முதல் இரண்டு நாள் ரத்தம் கசியும். மூக்குக் கண்ணாடி போட முடியாது. தோல் எடுத்த இடம் முழுவதும் மூடாமல் நெற்றியின் மேல்பகுதியில் ஒரு புண் திறந்தே இருக்கலாம். அது தானாக ஆறிவிடும், தழும்பும் பெரும்பாலும் மங்கிவிடும். சில மாதம் கழித்துத் தடிப்பைக் குறைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் தேவைப்படலாம். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுபவரா? அப்படியானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், இறக்கிய தோல் கறுத்துச் செத்துப்போகும். பலமுறை கேட்டும் 'போடுவதில்லை' என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பாட்டியின் புது மூக்கின் நுனியை நான் இழந்திருக்கிறேன். இன்றும் மனசு கேட்கவில்லை.

சரி, மூக்குத்தி. குருத்தெலும்பு வைத்த மடலில் குத்த நான் சம்மதிக்க மாட்டேன். சீழ் பிடித்தால் அத்தனையும் போய்விடும். இடது பக்கம் தாராளமாகக் குத்திக்கொள்ளலாம், எல்லாம் ஆறிய பிறகு. என்னிடம் வந்த பூக்கார அம்மா ஒருவர் கடைசி ஆபரேஷன் முடிந்த ஆறாவது மாதம் தன் பழைய எட்டுக்கல் மூக்குத்தியை இடது பக்கம் போட்டுக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் புதுசு என்று என் நர்ஸ் இரண்டு முறை பார்த்துத்தான் சொன்னார்.