எஸ்ஸுக்குக் கீழே ஒரு புள்ளி

கேள்வி: சமஸ்கிருதச் சொற்கள் நிறைய வரும் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வேர்டில் அடிக்கிறேன். உச்சரிப்பைக் காட்ட ஏ மேல் கோடு, எஸ்ஸுக்குக் கீழே புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் சிம்பல் பட்டியலில் தேடியே பாதி நேரம் போகிறது. போதாததற்கு, நண்பர் அனுப்பிய பழைய கோப்பில் புள்ளி எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சம்பந்தமில்லாத குறிகள். என்ன செய்ய?

பதில்: பழைய கோப்பை முதலில் முடித்துவிடுவோம். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன ஆகும், அதே கதைதான் இது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளாளுக்கு ஓர் எழுத்துரு செய்து, வேறு குறிகளின் இடத்தில் இந்தப் புள்ளி எழுத்துகளை உட்கார வைத்திருந்தார்கள். எந்த எழுத்துரு என்று நண்பரிடம் கேட்டு வாங்கிப் போட்டால் படிக்கலாம், அப்புறம் ஃபைண்ட்-ரீப்ளேஸில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதுதான். மேட்ச் கேஸ் போட மறக்காதீர்கள்.

இனி அடிப்பது. அபூர்வமாக வரும் மூன்று உயிரெழுத்துகளை விட்டால் உங்களுக்கு வேண்டியவை 13 எழுத்துகள்தான், பெரிய எழுத்துகள் தனி. அந்த சிம்பல் பெட்டியிலேயே கீழே ஷார்ட்கட் கீ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை யாரும் சீண்டுவதே இல்லை! எழுத்தைத் தேர்ந்து, அந்தப் பொத்தானை அழுத்தி, கைக்கு வசதியான சாவிகளை ஒதுக்குங்கள். வேறு வேலைக்கு ஏற்கெனவே போயிருந்தால் அங்கேயே காட்டும். ஒருநாள் உட்கார்ந்து செய்துவிட்டால் அப்புறம் பட்டியல் பக்கமே போக வேண்டாம்.

எப்போதாவது ஒரு சொல்தான் என்றால் அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணை அடித்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். 0101 என்றால் ஏ மேல் கோடு. எஸ் அடித்து ஒட்டினாற்போல 0323 அடித்து அதையே செய்தால் புள்ளி கீழே போய் உட்காரும். லிப்ரே ஆஃபீஸிலும் இது நடக்கும். ஆனால் ஏ அடித்து 0304 என்று கோடு போடப் போனால் வேறு ஏதாவது வந்து நிற்கும், ஏனென்றால் இந்த எண்முறையில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்கள், வேர்டு அந்த ஏயையும் விழுங்கிவிடுகிறது. நான்கு இலக்கங்களை மட்டும் செலக்ட் செய்துவிட்டு அழுத்தினால் சரியாகும். இப்படி ஒட்டவைத்த புள்ளி தனிக் குறி என்பதால், பார்க்க ஒன்றாக இருந்தாலும் தேடும்போது சிக்காமல் போகலாம். முழுக் கட்டுரைக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

மேக் என்றால் கவலையே இல்லை. ஏபிசி எக்ஸ்டெண்டட் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு ஆப்ஷன்-ஏ அடித்து எழுத்தை அடித்தால் மேலே கோடு, ஆப்ஷன்-எக்ஸ் என்றால் கீழே புள்ளி.

கேள்வி: தமிழ்ச் சொற்களுக்கும் இதே முறை போதுமா?

பதில்: முழுக்கப் போதாது. எல்லுக்குக் கீழே புள்ளி தமிழுக்கு ள, வழக்கமான சமஸ்கிருத முறையில் அபூர்வமான ஓர் உயிரெழுத்து. இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 என்ற சர்வதேச எழுத்துப்பெயர்ப்பு முறைக்குப் போய்விடுங்கள், அதில் அந்த உயிருக்குப் புள்ளிக்குப் பதில் கீழே சின்ன வட்டம். ழவுக்கு எல்லின் கீழே கோடு, எண் 0331.