நெய்வேலிப் புகையும் தேவனாம்பட்டினத்து ஏசியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வெப்ப அலை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து என்னால் ஆனதை வீட்டில் செய்துவருகிறேன். பல்பு எல்லாம் எல்.இ.டி. செல்போன் சார்ஜரைப் பிளக்கில் விடுவதில்லை. கடைக்குத் துணிப்பை. என் கணவர் சிரிக்கிறார். "பக்கத்தில் நெய்வேலி ராத்திரி பகலாகப் புகைகிறது, நீ சார்ஜரைப் பிடுங்கி என்ன ஆகப்போகிறது?" என்கிறார். அவருக்குக் கேஸ் அடுப்பைத் தூக்கிவிட்டு இண்டக்‌ஷன் வாங்க வேண்டும், மாடியில் சோலார் போட வேண்டும். தானே புயலைப் பார்த்த எனக்கு சோலார் என்றாலே பயம். பையன் தினமும் ஸ்கூட்டரில் பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறான். வீட்டில் ஒரே ஒரு ஏசி, இரவில் மட்டும். கடற்காற்றோ என்னவோ, வருடா வருடம் கோடை ஆரம்பத்தில் அதற்குக் கேஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. மற்றபடி சிக்கனம்தான். எதிலிருந்து தொடங்குவது?

கி., தேவனாம்பட்டினம், கடலூர்

*

அன்புள்ள கி. அவர்களுக்கு,

சார்ஜர் விஷயத்தில் நான் உங்கள் கணவர் கட்சி. போன் மாட்டாத சார்ஜர் வருடம் முழுக்கப் பிளக்கில் கிடந்தாலும் இரண்டு மூன்று யூனிட்டுக்கு மேல் தின்னாது. எடுத்துவையுங்கள், தப்பில்லை. அதோடு கடமை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நெய்வேலியை இழுப்பதில்தான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. அங்கே மின்நிலையத்தில் எரிப்பது பழுப்பு நிலக்கரி, அதில் பாதி ஈரம். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியை எரிக்க வேண்டியிருக்கிறது. எந்த மின்நிலையத்தை எப்போது மூடுவது என்பது அரசின் முடிவு. அதை நாம் வாக்காளராக நின்று கேட்க வேண்டும். வீட்டுக் கணக்கு தனி. நாடு முழுவதும் சராசரி பார்த்தால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் வெறும் பெருக்கல்தான்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: வருடா வருடம் ஏசிக்குக் கேஸ் ஏற்றுகிறோம். என்னைக் கேட்டால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஃப்ரிட்ஜ், ஏசி கேஸ் எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை, கேஸ் காற்றில் கலக்கிறது என்று அர்த்தம். உங்கள் ஊரில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் காயிலை, அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளை அரித்து ஊசிமுனை அளவுக்குத் துளை போட்டிருக்கும். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், என்ன கேஸ், எத்தனை கிலோ என்று இருக்கும். ஆர்-32 என்றால் ஒரு கிலோ கசிவது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய ஆர்-410ஏ என்றால் சுமார் 2,000 கிலோ. உங்கள் பையன் போகவர 45 கிலோமீட்டர் ஓட்டி ஒரு லிட்டர் பெட்ரோல் எரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதாவது ஒரு கிலோ ஆர்-32, அவருடைய கிட்டத்தட்ட ஒரு வருடப் பயணம். ஆர்-410ஏ என்றால் மூன்று வருடத்துக்குக் கிட்டே.

ஆகவே இந்த முறை மெக்கானிக் சிலிண்டரோடு வந்து நின்றால், முதலில் லீக் எங்கே என்று கேளுங்கள். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிப் பார்த்தால் குமிழி வருகிற இடம் தெரிந்துவிடும். அங்கே பற்றவைத்த பிறகுதான் கேஸ். காயில் முழுக்க அரித்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. "இந்த வருசம் டாப்-அப் போட்டு ஓட்டுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார்; ஒத்துக்கொள்ளாதீர்கள். வீடு மாறும்போதும் கவனம் வேண்டும். ஏசியைக் கழற்றுமுன் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும், 'பம்ப் டவுன்' என்பார்கள். அவசரத்தில் சிலர் நட்டைத் திருகிப் 'புஸ்' என்று வெளியே விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடச் சோம்பலுக்கு எவ்வளவு விலை பாருங்கள்!

ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று கணக்கு. மேல்தளம் நேராக வெயில் வாங்குகிற வீடென்றால், தை, மாசியில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு கரைந்துதான் போகும், மறுபடி அடிக்க வேண்டும். கடலூரில் ஃபேன் நிற்கிற மாதமே கிடையாது, அதனால் அதையும் யோசியுங்கள். சாதாரண ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற சிக்கன மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் ஃபேன் மூன்றை மாற்றினால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட் குறையும்.

கேஸ் அடுப்பைத் தூக்க வேண்டாம். 14.2 கிலோ சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 120 யூனிட் போல ஆகும். இன்றைய மின்சாரத்தில் அது 84 கிலோ, ஏறக்குறைய இரட்டிப்பு. கொண்டைக்கடலையை முதல் நாளே ஊறப்போட்டுக் குக்கரில் வேகவைப்பது இதைவிட நல்ல யோசனை. மாடியில் சோலார் வந்த பிறகு பகல் சமையலுக்கு இண்டக்‌ஷன் வாங்கலாம், அப்போது நானும் ஆதரிப்பேன்.

பையனுக்குப் பஸ் ஒத்துவந்தால் பஸ்தான் சிறந்தது. கடலூர் - பாண்டிக்கு நேர் ரயில் இன்னும் இல்லை, விழுப்புரம் சுற்ற வேண்டும். வண்டிதான் வேண்டும் என்றால் அடுத்தது மின் ஸ்கூட்டராக இருக்கட்டும், நெய்வேலிக் கரண்டில் ஓட்டினாலும் பெட்ரோலைவிடக் குறைவு. பாண்டியில் பெட்ரோல் மலிவு என்று இவ்வளவு நாள் டேங்க் நிரப்பிக்கொண்டு வந்திருப்பார், அந்த லாபம் போகும்.

அப்புறம் சோலார். 3 கிலோவாட் போட்டால் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம். உங்கள் பயம் நியாயமானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்த ஊரில், சிமெண்ட் கட்டை மேல் சும்மா தூக்கிவைத்துவிட்டுப் போகிற பேனல் வேண்டாம். தளத்தில் துளையிட்டு போல்ட் இறக்கி, ஒழுகாமல் பூசித் தரச் சொல்லுங்கள். எந்தக் காற்றுவேகத்துக்கு வடிவமைத்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பேனல் பறப்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, விற்க வருகிறவர்கள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். மிஞ்சும் மின்சாரத்தை லைனுக்கு அனுப்பிக் கணக்கு வைக்கிற நெட் மீட்டரோடு இணைத்த சாதாரண சோலார், லைனில் கரண்ட் போன அந்த நொடியே தானும் நின்றுவிடும். லைன்மேன் கம்பியைத் தொடும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தானேக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கிராமங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே வெயில் காய்ந்தாலும் கீழே ஃபேன் சுற்றாது. அந்த நாளுக்கும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் கேட்டு, விலைப்பட்டியலைத் தனியாக வாங்கிப் பாருங்கள். மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து.